வாய் பார்க்கும் பிள்ளை

“எங்க வீட்டுப் பிள்ளைக்கா காது கேக்காது? யார் சொன்னது? அந்த டீச்சர் சொன்னாளா? அவ தொண்டையில சத்தம் வராததுக்கு எங்க பிள்ளையோட காதைக் குத்தம் சொல்லுவாளா?”

“அண்ணி, லெட்டர்ல அப்படி எழுதலை. காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்கன்னுதான் எழுதியிருக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதான். நேரா வைய்யறதுக்குப் பதிலா சுத்தி வளைச்சு வைய்யறா, அவ்வளவுதான்.”

“மெதுவாப் பேசுங்க அண்ணி. தெருவே கேக்குது.”

“கேக்கட்டும்! அதுங்களுக்காவது காது இருக்கே!”

கேட்டது. சந்தேகமே வேண்டாம், தெருவே கேட்டது. பகல் ஒன்றரையிலிருந்து இரண்டு வரை தறிக்காரர் வீட்டில் தறிகள் நிற்கும். அந்த வீட்டுச் சமாசாரம் தெருவுக்குக் கிடைப்பது அந்த அரை மணி நேரத்தில்தான். மற்ற நேரத்தில் ஆறு விசைத்தறிகளும் ஒன்றோடொன்று போட்டி போட்டு அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே கொலையே விழுந்தாலும் வெளியே தெரியாது. அதனால்தான் எதிர்வீட்டுத் தையற்காரியும், பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற தபால்காரரும் தங்கள் சாப்பாட்டு நேரத்தைச் சரியாக ஒன்றரைக்கு மாற்றி வைத்துக்கொண்டு பல வருஷம் ஆகிறது. இருவரும் சாப்பிடும்போது ஜன்னலை மூடுவதில்லை. காற்றுக்காகத்தான்.

கத்தியவள் தறிக்காரரின் அக்கா. நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்பதற்குத் தெருவில் ஏழெட்டுக் காரணங்கள் புழக்கத்தில் இருந்தன, அவளைக் கேட்டால் புதிதாக ஒன்று சொல்வாள். மில்லில் ஷிப்ட் மாற ஊதுகிற சங்கு மாதிரி குரல். அதனால் சங்கு என்றே பேர் நிலைத்துவிட்டது. முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். “ஆமா, நான் ஊதினாத்தானே நீங்கல்லாம் எந்திரிக்கிறீங்க” என்பாள்.

மெதுவாகப் பேசச் சொன்னவள் தறிக்காரரின் மனைவி. அவளும் தறியில் நிற்பவள்தான், ஆனால் பேச்சைச் சிக்கனமாகச் செலவு செய்கிறவள்.

சண்டைக்குக் காரணமான பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து சோறும் அவித்த முட்டையும் தின்றுகொண்டிருந்தது. ஆறு வயது. சிட்டு என்று கூப்பிடுவார்கள். பந்தாட்டம் பார்க்கிறவளைப் போல, அத்தை பேசும்போது அத்தையின் வாயையும், அம்மா பேசும்போது அம்மாவின் வாயையும் மாறி மாறிப் பார்த்தது. இருவரும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டதும், ஆட்டம் முடிந்துவிட்டது என்று முட்டையின் மஞ்சளைத் தனியாக எடுத்து ஓரமாக வைத்தது. சண்டை முடியவில்லை, இன்னும் பத்து நிமிஷம் நடந்தது. பிள்ளை நிமிரவே இல்லை. அதை யாராவது கவனித்தார்களா? தெருவே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது, கண்ணை யாரும் தீட்டவில்லை.

பள்ளிக்கூடத்துக் கடுதாசியில் இருந்தது இதுதான். பிள்ளை கூப்பிட்டால் திரும்புவதில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டே சொல்வதை எழுதுவதில்லை. கேள்வி ஒன்று கேட்டால் பதில் வேறொன்று. வருஷக் கடைசிக்குள் காதைச் சோதித்துச் சீட்டு கொண்டு வரவேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் முதல் வகுப்பு, அதுவும் சரிப்படாவிட்டால் ஊர்க்கோடியில் இருக்கும் வேறு பள்ளிக்கூடம்.

சங்குவை உறுத்தியது அந்தக் கடைசி வரிதான். அவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தம்பிக்குப் பால் புட்டியைப் பிடித்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் வேண்டியிருந்தது, நின்றுவிட்டாள். கடைப் பலகையைப் பார்த்துத் தலையாட்டுகிற அளவுக்குத்தான் எழுத்து. எங்கேயாவது ஃபாரத்தை நீட்டினால் மற்றவர்கள் பேனாவைத் தேடுவார்கள், இவள் மை டப்பாவைத் தேடுவாள். சிட்டு அப்படி ஆகக்கூடாது என்பதில் பிள்ளையைப் பெற்றவளைவிட இவளுக்குத்தான் பிடிவாதம் அதிகம். பிள்ளைக்கு முதல் நோட்டு வாங்கினது இவள். அட்டை போட்டது இவள். பேர் எழுதத்தான் முடியவில்லை.

அதோடு, காது என்பது அந்த வீட்டில் சங்குவின் இலாகா. அதில் வெளியார் மூக்கை நுழைத்தால் பொறுப்பாளா?

பிள்ளைக்கு இரண்டு வயதிலிருந்தே காதுவலி. மழை தொடங்கினால் சளி பிடிக்கும். நாலாம் நாள் காதைப் பிடித்துக்கொண்டு அழும். மறுநாள் காலையில் தலையணையில் மஞ்சளாய் ஒரு கறை இருக்கும், அத்தோடு வலி விட்டுவிடும். சங்குதான் தூக்கிக்கொண்டு திரிவாள். மருந்துக்கடைக்காரர் சிபாரிசில் ஒரு டாக்டர் உண்டு. இளஞ்சிவப்பில் ஒரு மருந்து எழுதிக் கொடுப்பார், ஏழு நாள் கொடுக்கச் சொல்வார். சங்கு மூன்று நாள் கொடுப்பாள். மூன்றாம் நாள் பிள்ளை சிரித்துவிட்டால் புட்டியை மூடி அலமாரியில் வைத்துவிடுவாள். “வலி போன பிறகும் மருந்தை ஊத்திக்கிட்டே இருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?” அடுத்த தடவை வலி வந்தால் அந்தப் பாதிப் புட்டியிலிருந்தே இரண்டு வேளை. அதற்கு மேல் ஒரு சொட்டு வெதுவெதுப்பான எண்ணெய் காதுக்குள். அலமாரியின் மேல்தட்டில் ஏழு பாதிப் புட்டிகள் வரிசையாக நின்றன. மற்ற பெண்கள் பாத்திரத்தைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். இவள் அந்தப் புட்டிகளைக் காட்டுவாள்.

இப்போது ஒன்றரை வருஷமாக வலியே இல்லை. அழுகை இல்லை, கறை இல்லை. காது குணமாகிவிட்டது என்று சங்கு தீர்ப்பு எழுதிவிட்டாள்.

கடுதாசி வந்த மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டாள். அங்கே என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி, வாசலில் பென்சில் ரப்பர் விற்கிறவர். நாலாவது வகுப்புவரை ஜன்னலில் தலைகள் முளைத்தனவாம்.

“நீங்க வீட்டுக்கு வாங்க டீச்சர். வந்து பாருங்க. எங்க கொட்டகையில ஆறு தறி ஓடும்போது எங்க பிள்ளை பேசுறதைப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க, யாருக்குக் காது மந்தம்னு.”

டீச்சர் ஒல்லியானவள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி குரல். “சனிக்கிழமை வர்றேங்க” என்றாள். சங்குவுக்கே அது சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

தறிக்கொட்டகை வீட்டுக்குப் பின்னால், வீட்டோடு ஒட்டினாற்போல இருந்தது. தகரக் கூரை. பக்கத்துக்கு மூன்றாய் ஆறு தறி, நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்து. பஞ்சுத்தூசி பறந்து ஒட்டடையாகத் தொங்கும். வேலை முடிந்து வெளியே வருகிறவர்களின் இமையில்கூட வெள்ளை படிந்திருக்கும். சங்குவின் வேலை மூலையில். தறியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடி நூலைக் கோக்கிற நாடாவுக்குள் பொருத்துகிற சின்னக் கட்டைகளில் நூல் சுற்றுவது. தார் சுற்றுவது என்பார்கள். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு, காலடியில் கூடையை வைத்துக்கொண்டு உட்காருவாள். தறியில் நிற்கிற தம்பிக்கும் தம்பி மனைவிக்கும் தார் தீருவதற்குள் அடுத்தது தயாராக இருக்க வேண்டும். ஒரு தறி நின்றாலும் மற்ற ஐந்தின் சத்தத்தில் தெரியாது. ஆனால் சங்குவுக்குத் தெரிந்துவிடும். உட்கார்ந்த இடத்தில் தரை அதிர்கிற விதம் மாறுமாம்.

அந்த இரைச்சலில் கத்துவது வீண் என்பது தறியில் நின்ற முதல் வாரத்திலேயே எவருக்கும் புரிந்துவிடும். அதனால் கொட்டகைக்குள் யாரும் குரலைச் செலவழிப்பதில்லை. துண்டை இறக்கிவிட்டு, வாயை அகலமாக, மெதுவாக அசைப்பார்கள். எதிராளி வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். இரண்டு தறி தள்ளி நின்றுகொண்டு குடும்பச் சண்டையே போடுவார்கள், ஒரு சத்தம் வராது. வெளியே வந்தாலோ நேர்மாறு. காது மரத்துப்போய் எல்லோரும் கத்துவார்கள். உள்ளே ஊமைப் பேச்சு, வெளியே உரத்த பேச்சு; நடுவாந்தரமாக ஒரு பேச்சு இருப்பதே அந்த வீட்டுக்குத் தெரியாது.

சிட்டு அங்கேயே தவழ்ந்து வளர்ந்தவள். பள்ளி விட்டதும் அத்தையின் கூடைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வாள். நூலின் நிறம் பிரிப்பாள். பெரியவர்களைவிட நன்றாக வாய் பார்ப்பாள். அவளைவிட்டுத்தான் கடைசித் தறிக்குச் செய்தி அனுப்புவார்கள். “இந்தப் பிள்ளைக்கா காது கேக்காது?” என்று அவர்கள் சிரித்ததில் அதிசயமில்லை.

சனிக்கிழமை டீச்சர் வந்தாள், ஒன்றேகாலுக்கு. கையில் குடை, முகத்தில் வியர்வை. நேரே கொட்டகைக்குள் அழைத்துப் போனார்கள். வாசற்படி தாண்டியதும் அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு மரியாதை இல்லை என்று நினைத்தோ என்னவோ, எடுத்துவிட்டாள்.

தறிக்காரர் அவளைப் பார்த்து வாயசைத்தார். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி அசைத்தார். அவள் அசடு வழியச் சிரித்தாள். சிட்டு ஓடிவந்து டீச்சரின் கையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, காதுக்குள் கத்தினாள்.

“அப்பா டீ குடிக்கறீங்களான்னு கேக்கறாரு!”

தறிக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். பார்த்தீர்களா, யாருக்குக் கேட்கவில்லை? மூலையில் சங்குவுக்குத் தலை கிரீடம் வைத்தாற்போல நிமிர்ந்தது. டீ கொண்டுவந்த சாக்கில் உள்ளே நுழைந்துவிட்ட தையற்காரி, மற்றதையெல்லாம் தன் கண்ணால் பார்த்துத்தான் தெருக்காரர்களான நமக்குச் சொன்னாள்.

அன்றைக்கு மெக்கானிக்கும் வந்திருந்தார். வாரத்தில் இரண்டு நாள் வந்து தறிகளைப் பார்த்துவிட்டுப் போகிறவர். இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்பேனர் தொங்கும், பேரும் அதுவே. மனைவி இறந்து பத்து வருஷம். வெளியில் நாலு வார்த்தை பேச நாற்பது தடவை தொண்டையைச் செருமுகிற மனுஷன். நாலாவது தறிக்குப் பின்னால் குனிந்திருந்தவர் நிமிர்ந்து, மூலையைப் பார்த்து ஏதோ வாயசைத்தார். தறிக்காரர் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் பாதி முகம்தான் தெரியும். போல்ட்டு, நட்டு என்று ஏதோ கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார். பிள்ளையின் திறமையைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? சிட்டுவின் தோளைத் தட்டித் திருப்பி, ‘ஸ்பேனர் மாமா என்ன சொல்றாரு? டீச்சருக்குச் சொல்லு’ என்று வாயசைத்தார்.

சிட்டு எட்டிப் பார்த்தாள். டீச்சரின் காதுக்குள் கத்தினாள்.

“அத்தைகிட்ட சொல்றாரு! ‘கோபத்துல நல்லாத்தான் இருக்கே! நாளைக்கு வர்றியா இல்லையா?’ன்னு கேக்கறாரு!”

அவள் கத்தியது தறிச்சத்தத்தில் டீச்சருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். ஆனால் அவள் வாயைத் தறிக்காரர் பார்த்தார். தறிக்காரரின் மனைவி பார்த்தாள். தையற்காரி டீத் தட்டோடு இரண்டு எட்டு முன்னால் வந்தாள். ஸ்பேனர் நாலாவது தறிக்குக் கீழே சட்டென்று குனிந்துவிட்டார். அவ்வளவு அவசரமாகப் பார்க்க அங்கே ஒரு கோளாறும் இல்லை.

அப்போது மணி ஒன்றரை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் தறிக்காரர் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். தறிகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டு நின்றன. கூரைத் தகரத்தில் ஒரு காக்கை நடப்பது கேட்டது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. டீச்சர்தான் நிலைமையைச் சமாளிக்க நினைத்து, தன் கிணற்றுக் குரலில், பிள்ளையின் பின்னால் நின்றபடியே சொன்னாள்.

“சிட்டு, உன் ரிப்பன் அவிழ்ந்து தொங்குதும்மா.”

சிட்டு கூடையிலிருந்து ஒரு கட்டையை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

“சிட்டு. ரிப்பன்.”

பிள்ளை அசையவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சங்குவுக்கு ஏற்கெனவே முகமெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. இதில் இது வேறு. துண்டை இறக்கி, ‘ரிப்பன்டி’ என்று வாயசைத்தாள். உடனே பிள்ளையின் கை தலைக்குப் போய் ரிப்பனைப் பிடித்தது.

டீச்சர் சங்குவைப் பார்த்தாள். “இப்ப நீங்க என்ன சொன்னீங்க?”

“ரிப்பன்னு சொன்னேன்.”

“எனக்குக் கேக்கலையே.”

அப்போதுதான் சங்குவுக்கு உறைத்தது. வாய்விட்டுச் சொல்லவே இல்லை. தறி நின்ற பிறகும் கொட்டகைப் பழக்கத்தில் வாயை மட்டும் அசைத்திருக்கிறாள். அதைப் பிள்ளை கேட்டிருக்கிறது. டீச்சர் சத்தமாகச் சொன்னதைக் கேட்கவில்லை.

எழுந்தாள். மடியிலிருந்த நூல்கட்டைகள் உருண்டன. பிள்ளையைச் சுற்றிக்கொண்டு போய் அதன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். “சிட்டு” என்றாள், சின்னக் குரலில். அவளுக்குச் சின்னக் குரல் ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்தது. பிள்ளை ரிப்பனை முடிந்துகொண்டிருந்தது. “சிட்டு” என்றாள், மற்ற வீட்டுக்காரர்கள் சாதாரணமாகப் பேசுகிற குரலில். ஒன்றும் இல்லை. மூன்றாம் தடவை சங்கு ஊதினாள். தெருமுனை வரைக்கும் கேட்டது.

சிட்டு திரும்பிச் சிரித்தாள். “என்ன அத்தை?”

அந்தச் சனிக்கிழமை அந்த வீட்டில் சண்டை நடக்கவில்லை. தபால்காரர் இரண்டு மணிவரை ஜன்னலிலேயே இருந்து பார்த்துவிட்டு, சோறு ஆறிப்போய்ச் சாப்பிட்டார். சாயங்காலம் ஒரே ஒரு பேச்சு மட்டும் கேட்டது. அக்காவும் தம்பியும்.

“நாளைக்கு எங்க வரச் சொன்னான்?”

“பஸ் ஸ்டாண்டுக்கு. டீ குடிக்க.”

“எத்தனை நாளா?”

“நாலு வருஷமா.”

“என் முன்னாடியேவா?”

“உன் முன்னாடிதான். நீ நூல் அறுந்துருச்சான்னு பாத்துக்கிட்டு இருந்தே. பிள்ளை எங்களைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா.” பிறகு, “அதை விடு. திங்கக்கிழமை காதைக் காட்டப் போகணும்” என்றாள்.

நாமும் அதை அப்போதைக்கு விட்டோம். அவ்வளவு சுலபமாக இல்லை, ஆனாலும் விட்டோம்.

திங்கட்கிழமை தம்பி மனைவியும் சங்குவும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சங்கு ஒரு பையில் ஏழு பாதிப் புட்டிகளையும் எடுத்துக்கொண்டாள். தான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை என்று காட்ட.

முதலில் ஒரு கண்ணாடி அறை. பிள்ளையின் தலையில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். சிட்டு கெட்டிக்காரத்தனமாக அமுக்கிக்கொண்டே இருந்தாள். சோதிக்கிற பெண்ணுக்குச் சந்தேகம் வந்தது. மெஷினைத் தொடும்போதெல்லாம் தன் புருவம் லேசாக உயருகிறது, பிள்ளை அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். அதன்பிறகு பொத்தான் வெகுநேரம் சும்மா இருந்தது.

காது டாக்டர் ஒரு அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு இரண்டு காதிலும் விளக்கைப் பாய்ச்சிப் பார்த்தாள்.

“வலி இருக்கா?”

“ஒன்றரை வருஷமா வலியே கிடையாது டாக்டரம்மா. நல்லாயிருச்சு” என்றாள் சங்கு.

“வலி இல்லாததுதான் உங்களை ஏமாத்திருச்சு. செவிப்பறைக்குப் பின்னாடி ஒரு சின்ன ரூம் இருக்கு. அதுக்குக் காத்து வர ஒரே ஒரு வழி, மூக்குக்குப் பின்னாடி திறக்கும். சளி பிடிச்சு அந்த வழி அடைச்சுக்கிச்சுன்னா உள்ள தண்ணி தேங்கிரும். நாளாக நாளாக கோந்து மாதிரி ஆயிரும். ரெண்டு காதுலயும் அப்படித்தான் இருக்கு. காது பாழாகலை. உள்ள சத்தம் போக வழி இல்ல, அவ்வளவுதான்.”

சங்கு பையைப் பிரித்தாள். புட்டிகளை ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தாள். டாக்டரம்மா ஒன்றை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

“இதெல்லாம் என்ன?”

“மிச்சம் புடிச்சது.”

“இதைத் தண்ணி ஊத்திக் கலக்கினா ஒரு வாரம், பத்து நாள்தான் தாங்கும். அப்புறம் இது வெறும் சாயத் தண்ணி. சொன்ன நாள்வரைக்கும் கொடுத்து முடிக்கணும்னு யாரும் சொல்லலையா?”

“சொன்னாங்க.”

“அப்புறம்?”

சங்கு புட்டிகளின் மூடியைத் திருகி இறுக்கினாள். பக்கத்தில் தம்பி மனைவி இருந்தாள். பிள்ளையின் காது விஷயத்தில் நாலு வருஷமாக அவளை வாயைத் திறக்க விடாமல் அடக்கிவைத்திருந்தவள் சங்கு. இப்போது அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சங்குவின் கொடி இறங்கியிருக்கும். அவள் சொன்னது இதுதான்:

“நான் பெத்தவ டாக்டரம்மா. எனக்கும்தான் தெரியலை.”

“காதுல எண்ணெய் ஏதாவது ஊத்துவீங்களா?”

“ஊத்துவேன்” என்றாள் சங்கு. குரல் டீச்சரின் குரலைவிடக் கீழே போயிருந்தது. “அதனாலதான் இப்படி ஆச்சா?”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். “எண்ணெய் ஊத்தினது தப்பு. மருந்தைப் பாதியில நிறுத்தினது தப்பு. ஆனா எல்லாம் ஒழுங்கா செஞ்ச வீட்டுப் பிள்ளைங்களுக்கும் இது வரும். இதனாலதான் வந்துச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. வரலைன்னும் சொல்ல முடியாது. இனிமே என்ன பண்ணணும்னு கேளுங்க.”

சங்கு கேட்டாள். மூன்று மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டும். நிறையப் பிள்ளைகளுக்குத் தானாகவே வடிந்துவிடும். வகுப்பில் முதல் வரிசையில் உட்கார வேண்டும். பேசுகிறவர்கள் முகத்தைக் காட்டிப் பேச வேண்டும். தறிக்கொட்டகையில் பிள்ளையை வைக்கவே கூடாது. மூன்று மாதத்தில் சரியாகாவிட்டால் செவிப்பறையில் பொடியாக ஒரு குழாய் வைத்துத் தண்ணீரை எடுத்துவிடலாம்.

“படிப்பு?”

“கேட்டா படிக்கும். வாயைப் பாத்தே இவ்வளவு சமாளிச்சிருக்கே, இதுக்கு மூளைக்கு என்ன குறைச்சல்?”

சீட்டைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்ததும் பரீட்சைவரை வேறு பள்ளிக்கூடம் என்ற பேச்சு இல்லை என்று ஒத்துக்கொண்டார்கள். டீச்சர் சிட்டுவைத் தன் மேஜைக்கு நேரெதிரே உட்காரவைத்தாள். கரும்பலகையைப் பார்த்துப் பேசும் பழக்கத்தை விட்டாள். அதற்கு முன்னால் எத்தனை வருஷம் எத்தனை பிள்ளைகள் அவள் முதுகைப் படித்தார்களோ.

வீட்டில் மூன்று மாதமும் சங்கு கெடுபிடி செய்தாள். யாராவது நடந்துகொண்டே பிள்ளையிடம் பேசினால், “மூஞ்சியைக் காட்டிப் பேசு” என்று ஒரு அதட்டல். தண்ணீர் கொண்டுவருகிறவன், பால்காரன், தபால்காரர் வரைக்கும் யாருக்கும் விலக்கில்லை. நடுவில் ஒரு சளி வந்தது. அதற்குக் கொடுத்த மருந்தைக் கடைசி நாள் புட்டியைக் கவிழ்த்துத் தட்டி, விரலால் வழித்துக் கொடுத்தாளாம். பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. ஸ்பேனர் வந்தால் துண்டை இறக்குவதில்லை. அவர் நாலாவது தறியிலிருந்து ஏதேதோ வாயசைத்துப் பார்த்தார். இவள் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தனக்குத் தானே ஒரு தண்டனை விதித்துக்கொண்டாள் என்றுதான் நமக்குத் தோன்றியது. அவளிடம் கேட்க யாருக்குத் தைரியம் இருக்கிறது?

மூன்று மாதம் கழித்தும் காது அப்படியே இருந்தது. குழாய் வைத்துவிடலாம் என்றாள் டாக்டரம்மா.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் காலையிலிருந்து பட்டினி போட்டார்கள். “பசிக்குது அத்தை” என்று அது நாலு தடவை சொன்னதும், சங்கு தானும் சாப்பிட மாட்டேன் என்று டீயைக்கூட ஒதுக்கிவிட்டாள். தள்ளுவண்டி உள்ளே போய்க் கதவு மூடிய பிறகு, நாற்காலியில் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தம்பி மனைவி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

“நீங்க நடக்கறதைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது அண்ணி.”

“கேக்கலைன்னா?”

“கேக்கும்.”

“கேக்கலைன்னா என்ன பண்ணுவே?”

“என்ன பண்ணுவேன்? இப்ப எப்படி வளக்கறோமோ அப்படியே வளப்போம். உங்களுக்குப் பயம் பள்ளிக்கூடம்தானே?”

“இல்ல” என்றாள் சங்கு. “பெரியவளானதும் ஒருநாள் கேப்பா இல்ல, யார் மருந்தை நிறுத்தினதுன்னு.”

தம்பி மனைவி கைக்குட்டையில் கட்டிவைத்திருந்த பன்னைப் பிய்த்துப் பாதியை நீட்டினாள். சங்கு வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை.

பிள்ளை கண் விழித்துச் சற்று நேரத்துக்கெல்லாம், தலைமாட்டுப் பக்கம் ஒரு நர்ஸ் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டாள். சிட்டு தூக்கிவாரிப்போட்டு, திரும்பிப் பார்த்து, வீறிட்டு அழுதது. நர்ஸ் மன்னிப்புக் கேட்டாள். சங்கு அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “இன்னொரு தடவை போடும்மா” என்றாளாம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் சிட்டு வழக்கம்போலச் சாக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனாள். வரக்கூடாது என்று யாராவது தடுப்பதற்குள் வாசற்படிவரை போய்விட்டாள். ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கணம் நின்றாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, சாக்கை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். சாயங்காலம் அத்தையிடம் கேட்டாள்:

“அதுக்குள்ள எப்படி அத்தை நீ உக்காந்திருக்கே?”

அதன்பிறகு அந்தப் பிள்ளை கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. மூலையில் கூடைக்குப் பக்கத்தில் சாக்கு விரித்த இடத்தில் பஞ்சுத்தூசி சேர்ந்தது. கடைசித் தறிக்குச் செய்தி சொல்ல சங்குவே எழுந்து போக வேண்டியதாயிற்று. பரீட்சையில் பிள்ளை தேறிவிட்டது. வகுப்பில் பதினோராவது. முதலாவதாக வந்தாற்போல சங்கு தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாள். நமக்கு இரண்டு கிடைத்தது.

அந்தக் கோடையிலேயே தறிக்காரரின் மனைவி பிள்ளையோடு நாலு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனாள். பிள்ளை காதுக்கு இந்தச் சத்தம் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதுதான் காரணம், மாமியார் ஸ்தானத்தில் இருந்த நாத்தனாரைவிட்டுத் தப்பினாள் என்று சொன்னதெல்லாம் தையற்காரியின் கற்பனை. தறிக்காரர் காலையில் வந்து வேலை பார்த்துவிட்டு இருட்டினதும் அங்கே போய்விடுவார். அந்த மாடி வீட்டுக்குக் கீழே இருப்பவர்கள், “இவங்க ஏங்க இப்படிக் கத்திக் கத்திப் பேசுறாங்க?” என்று புகார் சொன்னார்களாம். அவர்களுக்கு வலிய வந்த அதிர்ஷ்டம், அருமை தெரியவில்லை.

சங்கு அந்த வீட்டில் தனியாக இருந்துகொண்டு ஒரு வருஷம் தார் சுற்றினாள். நடுவில் எப்போதோ ஸ்பேனருக்கு மறுபடி துண்டை இறக்கியிருக்கிறாள். அடுத்த வருஷம் ரிஜிஸ்டர் ஆபீசில் அவரையே கட்டிக்கொண்டு, அவருக்கு வேலை கிடைத்த மில் ஊருக்குப் போனாள். ரிஜிஸ்டரில் கையெழுத்து இடத்தில் மை டப்பாவைத்தான் தேடினார்கள். டீச்சர் மாற்றலாகிப் போய், அங்கேயே ஒரு வங்கிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். தறிகளை விற்றுவிட்டுத் தறிக்காரர் குடும்பமும் பெரிய ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கொட்டகை இப்போது டயர் கோடவுன். ஒன்றரை மணிக்கு அங்கே கேட்க ஒன்றும் இல்லை.

சிட்டு ஒன்பதாவது படிக்கிறாளாம். நன்றாகப் படிக்கிறாளாம். குழாய் தானாகவே விழுந்துவிட்டது. வலது காது சுத்தம். இடது காதில் மட்டும் கொஞ்சம் குறை தங்கிவிட்டதாம். வகுப்பில் அவளுக்கு அது பெரிய விஷயமில்லை, இடதுபக்கம் சுவர் வருகிறாற்போல உட்கார்ந்துகொள்கிறாள். யார் மருந்தை நிறுத்தினது என்று இதுவரை அவள் கேட்கவில்லை என்று அவள் அம்மா சொன்னாள். கேட்டால் என்ன சொல்வதாக உத்தேசம் என்று நாம் கேட்டோம். அவள் டீ போட எழுந்து போய்விட்டாள்.

சங்கு மட்டும் வாரம் தவறாமல் சிட்டுவுக்குப் போன் போடுகிறாள். குரல் அப்படியேதான் இருக்கிறது, போனே தேவையில்லை. நலம் விசாரிப்பதற்கு முன்னால், இன்றுவரைக்கும், “எந்தக் காதுல வெச்சிருக்கே?” என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறாளாம்.